திருமலைக்கு ஒருநாள் யாத்திரை

(அறக்கட்டளையின் மகாவீரர் முத்தித் திருநாள் விழாவில் ஆற்றிய உரை)



தீபாவளி கடந்து, மழையும் ஓயும். மார்கழியும் தையும் வரும். சென்னையில் வாழும் நம் குடும்பங்களில், "ஒருநாள் திருமலைக்குப் போய்வரலாமா?" என்னும் பேச்சு எழுகின்ற காலம் இது. அந்தப் பேச்சு எழும் வீடுகளுக்குப் பயன்படும் சில செய்திகளைச் சொல்லுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். தத்துவம் பேசுவதற்கு என்னினும் தக்கார் இங்கே இருக்கின்றனர். நான் பேசப்போவது வண்டி, நேரம், உணவு, படிக்கட்டு ஆகியவை பற்றியே.

சென்னையிலிருந்து திருமலை ஏறத்தாழ 160 கி.மீ. திருப்பெரும்புதூர், காஞ்சிபுரத்துப் புறவழி, வாலாஜாப்பேட்டை வரை பெங்களூர் நெடுஞ்சாலை. பின்னர்ப் பாலாற்றைக் கடந்து ஆர்க்காடு, ஆரணி. அதன்பின் போளூர்ப் பக்கமாகச் சென்று வடமாதிமங்கலத்தை அடுத்து மலையை அடையலாம். தடையின்றிச் சென்றால் மூன்றரை மணி நேரம். முதியோரும் குழந்தைகளும் உடனிருந்தால் நான்கு மணி நேரம் என்றே கணக்கிட வேண்டும். போகவும் வரவும் எட்டு மணி நேரம் கழிந்தால், பகலில் எஞ்சுவது எவ்வளவு என்பதை முதலிலேயே எண்ணிப் பார்த்தல் நலம்.

மற்றவர்கள் புறப்படும் நேரத்தை வைத்துத் திட்டம் வகுப்பார்கள். இரவு உண்ணாமையைக் காக்கும் நாம் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டியவர்கள். மார்கழித் தொடக்கத்தில் சென்னையில் மாலை 5.45 அளவில் கதிரவன் மறைகின்றான். தை முதல் நாளில் 5.58 ஆகின்றது, மாசியில் 6.15ஐ நெருங்குகின்றது. திருமலை மேற்கே இருப்பதால் அங்கே இன்னும் நான்கு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அதை நம்பி யாரும் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டியபடியே வைத்திருக்க வேண்டா.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் உடன் சென்ற ஒரு வேன் பயணத்தில் நடந்ததைச் சொல்கின்றேன். ஒரே நாளில் ஐந்து தலங்கள் என்று அச்சிட்ட நிரல் கொடுத்திருந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும், "பத்து நிமிடந்தான், பத்து நிமிடந்தான்" என்ற குரலே கேட்டது. நான்காவதாகத் திருமலையை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. பாறை கொதித்தது. இளைஞர்கள் ஓடி ஏறி, நேமிநாதர் முன்னின்று படம் எடுத்துக்கொண்டு, ஓடி இறங்கினார்கள். எழுபத்தெட்டு வயதான அம்மையார் ஒருவர் வண்டியிலேயே அமர்ந்திருந்தார். அவர் பிறந்த ஊர் ஆரணிப் பக்கம். சிறுமியாக அந்த மலையில் பலமுறை ஏறியவர். எந்தப் பாறையில் எந்தத் திருவடி இருக்கின்றது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்தவர் அந்த வண்டியில் அவர் ஒருவரே. திரும்பும்போது நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். காஞ்சிபுரத்தை நெருங்கும் முன்னரே இருட்டிவிட்டது. அம்மையார் மறுநாள் காலை வரை நீர்கூட அருந்தவில்லை. எவரையும் கடிந்து ஒரு சொல் சொல்லவுமில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள், ஒரு நாளுக்கு ஒரு மலை போதும் என்பதே. பொன்னூர் மலையில் குந்தகுந்தர் திருவடியைத் தரிசிக்க வேறொரு நாள் போகலாம். அது வந்தவாசிப் பக்கம், சென்னைக்கு இன்னும் அண்மையில் உள்ளது. இரண்டையும் ஒரே நாளில் முடித்தோம் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நேரம். விடியற்காலை 4.30க்குப் புறப்படுக. வாலாஜாப்பேட்டையை நெருங்கும்போது பொழுது புலரும். ஆர்க்காட்டைக் கடந்தபின் மரநிழலில் வண்டியை நிறுத்தி, கொண்டுவந்த இட்டலியை உண்ணலாம். 8.30க்கு மலையடி. வெயில் பாறையைச் சுடுமுன் மேலே சென்றுவிட வேண்டும்; காலணியின்றி ஏறுகின்ற நமக்கு இது சிறிய செய்தியன்று. பதினொன்றரைக்குள் இறங்கிவிடலாம். நண்பகல் உணவும் ஓய்வும் முடித்து இரண்டு மணிக்குப் புறப்பட்டால், மூன்றரை அளவில் மீண்டும் ஆர்க்காடு. அங்கே, பாலாற்றைக் கடக்குமுன், அமைதியான ஓரிடத்தில் மாலை உணவை முடித்துவிடுங்கள். பசி இல்லையே எனச் சிலர் முகம் சுளிப்பார்கள். புளியோதரையை எடுத்து வைத்தால் பசி வந்துவிடும். நெடுஞ்சாலை ஏறியபின் நேரம் நம் கையில் இல்லை. வீடு சேர்வது இரவு ஏழானாலும் எட்டானாலும் கவலையில்லை. உணவு பகலிலேயே முடிந்திருத்தல் வேண்டும். வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆறிய நீரை வேண்டிய அளவு வீட்டிலிருந்தே எடுத்துச் செல்க.

குகைப் பகுதியும் கோயில்களும் திறந்திருக்கும் நேரத்தை அரகந்தகிரி மடத்தாரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். உணவோ தங்கிடமோ வேண்டுவோர் எத்தனைபேர் என்பதையும் தெரிவித்துவிட்டால் அவர்களுக்கும் இடர் இராது. நாற்பதுபேர் முன்னறிவிப்பின்றிச் சென்று நிற்பது உறவினர் வீட்டிலேயே முறையன்று.

மேலே சென்றால் எதைப் பார்ப்பது? நேமிநாதர், நாம் சிகாமணி நாதர் என வணங்கும் பெருமான், பாறையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நிற்கின்றார். தமிழகத்துச் சமணத் திருமேனிகளில் இதுவே மிக உயரமானது. அங்கே அரைமணி நேரமாவது அமர வேண்டும். குகைகளில் உள்ள ஓவியங்களில் சமவசரணத்தைச் சக்கர வடிவில் தீட்டியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெரும்பாலானவை விசயநகரக் காலத்தைச் சார்ந்தவை. சுண்ணத்தின்மேல் தீட்டியவை, விரல் பட்டாலே உதிரக்கூடியவை. அகல்விளக்குப் புகையும் அவற்றுக்குப் பகை. தன் பெயரைச் சுவரில் கீறிவைக்கும் வழக்கம் நம் பிள்ளைகளிடத்து இருத்தலாகாது.

கல்வெட்டுகளைப் பற்றித் தமிழாசிரியனாக இரண்டொரு சொல் கூறாமல் இருக்க இயலவில்லை. இராசராச சோழனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்தது இங்குள்ள குந்தவை ஜினாலயம் என்பது நீங்கள் அறிந்ததே. இராசேந்திரன் கங்கை வரை கொண்ட வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் நெடிய மெய்க்கீர்த்தியொன்று இந்த மலைப்பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றது. வரலாற்று ஆசிரியர்கள் அந்த வெற்றிகளையே பேசுவார்கள். அத்துணை பெரிய மெய்க்கீர்த்தி எதற்காகப் பொறிக்கப்பட்டது தெரியுமா? நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, இந்த ஜினாலயத்திற்கு விளக்குக்கும் திருவமுதுக்கும் பொன் கொடுத்தாள் என்பதைப் பதிவு செய்வதற்காக! இதைச் சொன்னால் நம் பெண்பிள்ளைகள் அந்தப் பாறையை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

மற்றொரு கல்வெட்டு இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 1005-06 அளவினது. குணவீர மாமுனிவர், கணிசேகர மருபொற்சூரியன் என்னும் ஆசிரியரின் பெயரால் ஒரு கலிங்கு கட்டினார் என்கின்றது. துறவி ஒருவர் ஏரிநீர் போகும் வழியை அமைத்து, இருபுறமும் நெல் விளையச் செய்திருக்கின்றார். உச்சியில் நின்று கீழே உள்ள ஏரியையும் வயல்களையும் காணும்போது இதை நினைவுகூருங்கள். தகடூர் அதிகமான் விடுகாதழகிய பெருமாள், சேர மரபின் எழினி முன்னர்ச் செய்துவைத்த இயக்கன் இயக்கி திருமேனிகளைப் புதுப்பித்த செய்தியும் இம்மலையிலேயே உள்ளது. முன்னோர் செய்ததைப் பின்வந்தோர் பேணிய கணக்கு அது.

முதியோரைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். மலையடியிலேயே கோயில்கள் இருப்பதால், ஏற இயலாதவர்களுக்கும் தரிசனம் உண்டு. ஆயினும், "நீங்கள் கீழே இருங்கள்" என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது. அவர்களைக் கேட்க வேண்டும். ஏறுகின்றேன் என்று சொன்னால், முதலில் அவர்களை ஏறவிட்டு, நாம் அவர்கள் நடைக்குப் பின்னே செல்ல வேண்டும். ஒருவருக்கு இருவர் துணை. பத்துப் படிக்கு ஓர் ஓய்வு. கையில் ஒரு தடி. இதய நோயும் மூட்டு நோயும் உடையோர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வருதல் வேண்டும். பாதி வழியில் போதும் என்று அவர்கள் அமர்ந்தால், பேரப்பிள்ளை ஒருவர் உடன் அமர்ந்து, அவர்கள் அறிந்த கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். மேலே சென்றவர்கள் காத்திருப்பார்கள். நிரலில் வேறு ஊர் இல்லையே.

நம் அறக்கட்டளை தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று இவ்வாறு ஒரு பயணத்தை ஏற்பாடு செய்ய எண்ணியிருக்கின்றது. வர விரும்புவோர், உடன் வரும் முதியோரின் வயதையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் எழுதி, விழா முடிந்தபின் வாயிலருகே அமர்ந்திருக்கும் அலுவலரிடம் கொடுக்க வேண்டுகின்றேன். வேனில் முன்னிருக்கைகள் முதியோருக்கே.