பாரமகால்: எல்லைக்கு இருபுறமும் ஒரு நிலக்கணக்கு
(கருத்தரங்கத் தலைமை உரை, ஹெப்பகோடி)



பாரமகாலைப் பற்றிய கருத்தரங்கு கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ நடக்காமல் ஹெப்பகோடியில் ஏன் நடக்கிறது என்று கேட்பது நியாயம். விடை வெளியே ஓடும் ஓசூர் சாலையில் இருக்கிறது. பொம்மசந்திரத்தையும் அத்திப்பள்ளியையும் தாண்டினால் மாநிலம் மாறுகிறது, மண் மாறுவதில்லை. ஓசூர் வரை அதே மேட்டுநிலம், அதே கேழ்வரகு, அதே கருங்கல் பாறை. சூளகிரிக்கு அப்பால்தான் தேசிய நெடுஞ்சாலை 44 கீழே இறங்கத் தொடங்குகிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடுத்த தளம். தொப்பூர்க் கணவாயில் இன்னொரு இறக்கம். அதன் அடியில் சேலம். பழைய சேலம் மாவட்ட நிர்வாகம் இந்த மூன்று தளங்களையும் பாலாகாட், பாரமகால், தலாகாட் என்று பெயரிட்டே கணக்கு எழுதியது. நடுத்தளம் இன்றைய பொருள். மேல்தளத்தில் ஆனேக்கல் வட்டமும் ஓசூர் வட்டமும் ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிப்பது 1799-க்குப் பிறகு விழுந்த கோடு.

பாரமகால் பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்பது மரபு. கிருஷ்ணகிரி, ஜகதேவி, மகாராஜகடை, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி என்று தொடரும் பட்டியல் எழுதியவருக்கு எழுதியவர் வேறுபடும். விஜயநகரத்தின் ஜகதேவராயர், பீஜப்பூர்ப் படை, கடப்பை நவாப், கடைசியில் ஹைதர் அலி என்று கைமாறி வந்த நாடு இது. ஒவ்வொரு பாறையின் மீதும் ஒரு மதில் எழுந்தது. 1792-இல் இவ்வழியே வந்த ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் அந்தக் கோட்டைகளை வரைந்து கொண்டுபோய் லண்டனில் அச்சிட்டார்கள். அந்தப் படங்களில் பாரமகால் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாவட்ட வரைபடத்தில் அது இல்லை.

நிர்வாகப் பகுதிகள் மறைவது எங்கும் நடப்பதுதான். பிரான்சின் வடகோடியில் இருந்த நோர்-பா-து-கலே மண்டலம் 2016-இல் பிக்கார்தியோடு இணைக்கப்பட்டு வேறு பெயர் பெற்றது. பின்லாந்தின் வடக்கே இருந்த ஓலு, லாப்லாந்து மாகாணங்கள் 2009-ஆம் ஆண்டு முடிவோடு கலைக்கப்பட்டன. அங்கெல்லாம் பழைய எல்லையை அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பாரமகாலின் நிலை அப்படியல்ல. தனி நிர்வாகப் பகுதியாக அது இயங்கிய ஏழே ஆண்டுகளில் உருவான ஓர் ஏற்பாடு, இன்று தமிழ்நாட்டில் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் அலமாரியிலும் பட்டாவாக உட்கார்ந்திருக்கிறது. இக்கருத்தரங்கு பேச வேண்டிய மையப் பொருள் அதுவே.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு சுல்தான் தம் இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார். பாரமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் மலபாரும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. புதிய நாட்டில் வரி வாங்க ஆள் வேண்டும். சென்னையில் இருந்த கம்பெனி சிவில் அதிகாரிகளில் நாட்டு மொழிகள் தெரிந்தவர்கள் அரிது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைவர். அவருக்குக் கீழே மூவர். வடபகுதி கிரகாமுக்கு, நடுப்பகுதி தாமஸ் மன்றோவுக்கு, சேலத்தை மையமாகக் கொண்ட தென்பகுதி மக்லியோடுக்கு. மன்றோ தருமபுரியில் தங்கினார். 1799-இல் கன்னட நாட்டுக் கரையோரத்துக்கு மாற்றப்பட்ட பிறகும் தருமபுரியில் தாம் வைத்திருந்த தோட்டத்தை நினைத்து அவர் ஏங்கி எழுதிய கடிதங்கள் அச்சில் இருக்கின்றன.

இவர்கள் செய்த வேலை என்ன? ஊரை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டு, குத்தகைதாரர் மூலம் வரி வாங்குவது அன்று எளிய வழி. ரீடு அதை விட்டு, வயல் வயலாக அளக்கச் சொன்னார். எந்த வயல், யார் உழுகிறார், நன்செயா புன்செயா தோட்டமா, என்ன விளையும், என்ன தீர்வை என்று ஒவ்வொன்றும் ஏட்டில் ஏறியது. இடையில் நிற்பவர் இல்லாமல் குடியானவரோடு அரசே நேரே கணக்கு முடிக்கும் முறை, பின்னால் ரயத்துவாரி என்று பெயர் பெற்று மெட்ராஸ் மாகாணம் முழுவதும் பரவிய முறை, இங்கேதான் நடைமுறையில் பிறந்தது. ஒரே நாளில் பிறக்கவில்லை. பல ஆண்டுக் குத்தகையா, ஆண்டுக்கு ஆண்டு தீர்வையா என்று ரீடும் மன்றோவும் நீளமாகக் கடிதம் எழுதி வாதாடினார்கள். மன்றோ தொடக்கத்தில் குத்தகைப் பக்கமே சாய்ந்திருந்தார். ரயத்துவாரியின் தந்தை மன்றோ என்று பள்ளிப் பாடம் சொல்வது பாதி உண்மை. ரீடுக்கு உரிய இடத்தை நம் பாடநூல்கள் இன்னும் கொடுக்கவில்லை.

1796 டிசம்பரில் ரீடு வெளியிட்ட அறிவிப்பு ஒன்றை இக்கருத்தரங்கின் ஒவ்வொரு ஆய்வாளரும் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒரு வயலுக்கு மதிப்பிட்ட தீர்வை நிலையானது. அரசு அதற்கு மேல் கேட்காது, குறைத்தும் வாங்காது. குடியானவர் தம் செலவில் கிணறு தோண்டினால், ஏரி வெட்டினால், புன்செயை நன்செயாக மாற்றினால், மரம் வைத்தால், அதற்காகத் தீர்வை கூடாது. அரசின் செலவில் பாசனம் வந்தால் மட்டுமே கூடும். அதன் சாரம் இவ்வளவுதான். ஆனால் கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழும் வறண்ட நாட்டில் இதைவிடப் பெரிய வாக்குறுதியை ஓர் அரசு கொடுத்திருக்க முடியாது. நாற்பது அடி ஆழத்துக்குக் கல்லை உடைத்துத் தண்ணீர் கண்டவன், அந்தத் தண்ணீரின் பலன் தன்னுடையதே என்று நம்பிக் கடப்பாரையைத் தூக்கலாம்.

அந்த வாக்குறுதி நிலைத்ததா? இல்லை. 1802 முதல் வங்காளத்து நிரந்தரத் தீர்வை மோகம் சென்னைக்கும் வந்தது. பாரமகாலும் சேலமும் மிட்டா எனும் சிறு ஜமீன்களாகத் துண்டு போடப்பட்டு ஏலம் விடப்பட்டன. வரி கட்ட முடியாமல் பல மிட்டாதாரர்கள் சில ஆண்டுகளிலேயே வீழ்ந்தார்கள். அந்த ஊர்கள் மறுபடி ரயத்துவாரிக்கு வந்தன. எஞ்சிய மிட்டாக்களை 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம்தான் முடித்துவைத்தது. இதற்கிடையில் 1850-களுக்குப் பிறகு புதிய அளவையும் முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுதீர்வையும் வந்தபோது, ரீடின் சொல் அரசைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி எழுந்தது. காகிதத்தில் எழுதிக் கொடுத்த சொல்லை அடுத்து வந்த அரசு அதிகாரிகள் தமக்கு வசதியாகப் படித்துக்கொண்டார்கள் என்பதே இத்தலைமை உரையின் தீர்ப்பு.

தீர்வையின் கனம் வேறு கதை. விளைச்சலில் ஏறக்குறைய பாதியை மனத்தில் கொண்டு மதிப்பிட்ட வரி அது. மன்றோவே பின்னர் ராயலசீமைப் பகுதியில் கலெக்டராக இருந்து விலகும்போது, புன்செய் நன்செய்த் தீர்வையில் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று எழுதினார். மழை பொய்த்தபோது இந்த வரியின் கீழிருந்த ஊர்கள் எப்படித் தாங்கின என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் போதும். 1871-இல் சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய 19.7 லட்சம் பேர். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு 1881-இல் எண்ணியபோது 16 லட்சம் பேர். பஞ்சத்துக்கு வரி மட்டும் காரணமல்ல. ஆயினும் ரயத்துவாரியைக் குடியானவர் விடுதலையாக மட்டும் எழுதும் வரலாறு இந்த இரண்டு எண்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பட்டாவில் பெயரே ஏறாத பண்ணையாட்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அரசோடு நேரான உறவு எதையும் இந்த முறை தரவில்லை.

இனி இன்றைய நிலத்துக்கு வரலாம். தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் மூட்டை மூட்டையாகக் கணக்குகளைக் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். அடங்கலும் சிட்டாவும் ‘அ’ பதிவேடும் மேசைக்கு வருகின்றன. அவற்றின் முகப்பில் இன்றும் பசலி எனும் வருவாய் ஆண்டுதான் எழுதப்படுகிறது. 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. குடிமகனோடு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு முடிக்கும் இந்தப் பழக்கத்தின் உருவத்தில் ரீடு, மன்றோ காலத்து அச்சு தெளிவாகத் தெரிகிறது.

அத்திப்பள்ளிக்கு இப்பால் காட்சி வேறு. மைசூர் சமஸ்தானம் 1860-களில் பம்பாய் முறையில் நிலம் அளந்தது. அதனால் ஆனேக்கலில் ஏக்கருக்கு நாற்பது குண்டா. ஓசூரில் ஏக்கருக்கு நூறு சென்ட். நிலப்பதிவேட்டுக்கு இங்கே பஹணி, அங்கே சிட்டா. ஒரு குண்டா 1,089 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எல்லைக்கு இருபுறமும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் பாகம் பிரிக்கும்போது இந்த இரண்டு அளவையும் மாற்றி மாற்றிப் போட்டே ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே மேட்டுநிலம், ஒரே சாதி சனம், இரண்டு அளவைச் சங்கிலி. 1799-இன் மைசூர்ப் பிரிவினை உடன்படிக்கை ஓசூரையும் தேன்கனிக்கோட்டையையும் கம்பெனிப் பக்கம் சேர்த்து, ஆனேக்கலை மைசூர் அரசரிடம் விட்டதன் விளைவு இது. அதே ஆண்டு மார்ச்சில்தான் ஜெனரல் ஹாரிஸின் கம்பெனிப் படை ராயக்கோட்டையிலிருந்து புறப்பட்டு கெலமங்கலம், ஆனேக்கல் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போனது. இந்த ஊர்களின் வண்டிப்பாதைகள் அந்தப் படையைக் கண்டவை.

எல்லைக்கோட்டை இன்னும் பின்னால் தள்ளிப் பார்க்கவும் இடமுண்டு. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. அந்த வட்டாரத்து நடுகற்கள், ஆநிரை மீட்டும் ஆநிரை கவர்ந்தும் பட்ட வீரர்களின் பெயர்களை வட்டெழுத்தில் தாங்கி நிற்கின்றன. இப்பக்கம் பேகூரில் கங்கர் காலத்துக் கன்னட வீரக்கல் ஒன்று பெங்களூர் என்ற பெயரையே சொல்கிறது. பெங்களூரைச் சுற்றிய வட்டங்களில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் பல உண்டு. லூயிஸ் ரைஸ் தம் கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில் அவற்றைப் பதிப்பித்து நூறாண்டுக்கு மேலாகிறது. தமிழறிந்த ஆய்வாளர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்டுவது குறைவு. கன்னட ஆய்வாளர்கள் தருமபுரிக் கல்வெட்டுகளைப் புரட்டுவதும் குறைவு. இரண்டு துறைகளும் ஒரே மேட்டுநிலத்தைப் பாதி பாதியாகப் படித்துக்கொண்டிருக்கின்றன.

பழைய பாரமகால் இன்று எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். திருப்பத்தூர் 1911-இல் சேலத்திலிருந்து பிரிந்து வட ஆற்காட்டுக்குப் போனது. தருமபுரி 1965-இல் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. 2019-இல் திருப்பத்தூரும் மாவட்டமாயிற்று. ஒவ்வொரு பிரிவினையிலும் கோப்புகள் ஒரு தலைநகரிலிருந்து இன்னொன்றுக்குப் பயணப்பட்டன. தன் கிராமத்தின் இருநூறாண்டு நிலவரலாற்றை எழுத முனையும் ஒரு திருப்பத்தூர் மாணவர் சேலம், வேலூர், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று மூன்று இடம் அலைய வேண்டியிருக்கிறது.

ஆவணம் இல்லாமல் இல்லை. ரீடின் அலுவலகத்துத் தாள்களைச் சென்னை அரசு 1907 முதல் ‘பாரமகால் ரெக்கார்ட்ஸ்’ என்ற தலைப்பில் பொருள்வாரியாகப் பிரித்து அச்சிட்டது. மக்கள், விளைபொருள், நில உரிமை, நிலவரி, பிற வரிகள் என்று தனித்தனிப் பகுதிகள். லெஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் வந்தது. ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் 1918-இல் வந்தது. நீலமணி முகர்ஜியும் பீகல்ஹோலும் பர்டன் ஸ்டெய்னும் இவற்றைப் படித்து ஆங்கிலத்தில் நல்ல நூல்கள் எழுதினார்கள். அவர்களுடைய கேள்வி கம்பெனியின் கொள்கை பற்றியது. மன்றோ என்ன நினைத்தார் என்பது பற்றியது. ஊர் பற்றிய கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை. எந்தக் கிராமத்தில் எத்தனை கிணறு இருந்தது, எந்த மானியம் யாரிடம் இருந்தது, எந்த ஏரி அப்போதே தூர்ந்து கிடந்தது என்பதை அந்தத் தாள்களிலிருந்து எடுத்துத் தமிழில் எழுதிய நூல்கள் அரிது. வயலில் சங்கிலி பிடித்தவர்களும் கணக்கு எழுதிய உள்ளூர் எழுத்தர்களும் யார் என்று தேடிப் போனவர்களும் அரிது.

ஆகவே இக்கருத்தரங்கிடம் இத்தலைமை உரை வைக்கும் வேண்டுகோள் நேரானது. இங்கே கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பாரமகால் ஆவணத்தில் அதன் பக்கத்தைக் கண்டெடுத்து, இன்றைய ‘அ’ பதிவேட்டோடும் புலப்படத்தோடும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஓசூர், ஆனேக்கல் பகுதியை எடுப்பவர்கள் தமிழும் கன்னடமும் அறிந்த இருவராகச் சேர்ந்து செய்ய வேண்டும். சிட்டாவையும் பஹணியையும் ஒரே மேசையில் விரித்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்று அவசரமானது. மிட்டா காலத்து ரசீதுகளும் பழைய பட்டாக்களும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் வீட்டுப் பரணில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. ஓசூர் சாலையின் இருபுறமும் நிலம் மனையாகி வரும் வேகத்தில், வீட்டை இடிக்கும்போது அந்தத் தாள்கள் மண்ணோடு மண்ணாகப் போகின்றன. அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் எறிவதற்கு முன் ஒரு படம் எடுத்து, அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிலாவது கொடுத்துவையுங்கள். இந்த அவையில் உள்ள பேராசிரியர்கள் அதைப் பெற்றுக்கொள்ள இன்றே ஒரு பதிவேடு தொடங்குங்கள்.