வெக்கை நோயும் அதன் பங்காளிகளும்



மனிதருக்குத் தட்டம்மை, ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி, மாட்டுக்கு வெக்கை. மூன்றும் பாராமிக்ஸோ வைரஸ் குடும்பத்துப் பங்காளிகள். வெக்கை உலகை விட்டே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். நீங்கள் அதைப் பார்த்ததில்லை, பாக்கியசாலிகள்!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வழியில் பஸ் நின்றுபோய், பிளாஸ்கில் ஐஸ் முழுக்கத் தண்ணீராகிவிட்டது. சூட்டில் தடுப்பூசி வீரியம் இழக்கும் என்று படித்தவன்தான். ஊரே மாடுகளோடு காத்திருந்தது. திருப்பி அனுப்ப மனசு வராமல் போட்டுவிட்டேன். அந்த மாசமே ஆறு மாடுகள் கழிச்சலில் போச்சு. "ஊசி போட்டும் செத்துப்போச்சே சார்" என்றார் ஒரு பெரியவர். ஐஸைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிக்க உலக அளவில் இலக்கு வைத்திருக்கிறார்கள். பட்டிக்குப் போனதும் முதலில் பிளாஸ்கைத் திறந்து பாருங்கள். உருகியிருந்தால், "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.