துண்டு தூசியைத் தடுக்காது

(சிதம்பரத்தில் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



கடலூர், சிதம்பரம் பட்டறைகளில் இழைப்புளியும் உப்புத்தாளும் செய்த வேலையை இன்று சேண்டிங் மெஷின் செய்கிறது. வேலை சீக்கிரம் முடிகிறது, சரி. தூசி எங்கே போகிறது?

இழைப்புளிச் சுருள் காலடியில் விழும். மெஷின் கிளப்பும் நுண்தூளோ மூக்கில் ஏறி நெஞ்சில் இறங்கும். பஞ்சாலைத் தோழரும், நெல் தூற்றும் விவசாயத் தோழரும் இதை அறிவார்கள். இங்கிலாந்தில் நாற்காலி செய்யும் ஊரான ஹை விக்கோமில் மரவேலைக்காரர்களுக்கு மூக்கில் புற்றுநோய் அதிகம் என்று 1960-களிலேயே டாக்டர்கள் கண்டார்கள். 1995-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் மரத்தூசி புற்றுநோய் தரும் என்று அறிவித்தது.

பலகையை மட்டமாக்க பெல்ட் மெஷின்; மெருகுக்கு வட்டத் தட்டு சுழலும் மெஷின். எதை வாங்கினாலும் தூசிக் குழாய் மாட்ட வாய் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டின் ஓட்டைகளும் உப்புத்தாளின் ஓட்டைகளும் நேராக இருக்க வேண்டும். கூட வரும் துணிப்பை நுண்தூளை விட்டுவிடும். குழாயைத் தூசி உறிஞ்சும் மெஷினோடு இணையுங்கள். மூக்கில் கட்டும் துண்டு போதாது. என்-95 முகமூடி வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தூசியை அது பிறக்கும் இடத்திலேயே இழுக்கச் சொன்னது. ஆனால், மின்சாரம் இருந்தும் பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை பொதுவாக அதில் அடங்கவில்லை. நாலு பேர் பட்டறைக்கு யார் காவல்? நாம்தான்!

மெஷின் வாங்கும் முதலாளி குழாயும் முகமூடியும் சேர்த்தே வாங்கட்டும். கூலி பேசும்போது இதையும் பேசுங்கள். மூச்சை விற்றுக் கூலி வாங்க வேண்டாம்!