'நீ' என்பதும் 'நீங்கள்' என்பதும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொழியும் மனித உறவும் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். இலக்கண நூலை விடுத்து, துறைமுக வாயிலிலிருந்து தொடங்குகிறோம். விடியலில் அங்கே ஆள் எடுத்த நாள்களில், ஐம்பது வயது கடந்த நம் தந்தையரை இளவயது மேஸ்திரி 'டேய், வாடா' என்பான். அவர்கள் 'வரேங்க' என்பார்கள். அந்த இரு சொற்களுக்குள் ஊரும் சேரியும் அடங்கியிருந்தன.

அதே இராயபுரத்தில் மீன் விற்கும் மூதாட்டி, 'இன்னா நைனா, நாஸ்தா துன்ட்டியா?' என்று கேட்கிறார். அதுவும் ஒருமைதான், ஆயினும் நம் மனம் குளிர்கிறது. ஏன்? 'நீ துன்ட்டியா ஆயா?' என்று நாமும் திருப்பிக் கேட்கலாம். 'நைனா' தெலுங்கு தந்தது. 'நாஸ்தா' உருது வழி வந்தது. பல மொழியினர் ஒன்றாய் உழைத்த இடத்தின் பேச்சு இது. திரைப்படம் இதை நகைச்சுவைக்காரனின் மொழியாக்கிவிட்டது. கல்லூரி சென்ற நம் பிள்ளைகள் சிலர், பிறர் முன்னிலையில் தாய் வாய்திறக்கவே கூசுகின்றனர். இது நமக்கு உடன்பாடன்று.

ஆக, இழிவு ஒருமைச் சொல்லில் இல்லை. அது ஒருவழியாக மட்டும் செல்வதில் இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளை ஆராய்ந்த பிரவுன், கில்மன் என்னும் அறிஞர்கள் 1960இல் ஏறத்தாழ இதையே எழுதினர். நம் தந்தையர் அதைப் படிக்காமலே அறிந்திருந்தனர்.

பெயர்களுக்காகவும் நம் முன்னோர் போராடினர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன், பிறர் இழித்துரைத்த 'பறையன்' என்னும் பெயரையே தம் இதழுக்குத் துணிந்து சூட்டினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்றார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு 'பறையர்', 'பஞ்சமர்' என்பவற்றை நீக்கி 'ஆதி திராவிடர்' என்பதை ஏற்றது. ஏடுகளில் பெயர் மாறியது. வாயிலில் 'டேய்' மாறவில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பலர் காண இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. நன்று. ஆனால் ஒவ்வொரு 'வாடா'வுக்கும் பின்னால் ஒரு காவலரை நிறுத்த இயலுமா?

பிறரைச் சொன்னது போதும். சென்ற மழைக்காலத்தில், நம் படிப்பகத்தின் சாக்கடை அடைப்பை எடுக்க ஒரு முதியவர் வந்தார். அலுவலக வேலையில் இருக்கும் நம் இளைஞர் ஒருவர், 'யோவ், இங்க வா' என்று அவரை அழைத்தார். 'வரேன் சார்' என்றார் முதியவர். அந்த இளைஞரின் தந்தையும் துறைமுக வாயிலில் நின்றவர்தாம்.