பேச்சுக்குப் பரிசு உண்டு, கேட்பதற்கு?

புதுச்சேரியில் பேச்சுப் போட்டி இல்லாத பள்ளி விழாவைப் பார்ப்பது அரிது. குழந்தைகள் தினமான நவம்பர் 14, பாரதி பிறந்த டிசம்பர் 11, பாரதிதாசன் பிறந்த ஏப்ரல் 29 என்று மேடைகளுக்குக் குறைவில்லை. நகரின் சாரம் பகுதியில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் கேடயம் வாங்கிய பிள்ளை ஒன்று இருக்கும். அப்பா எழுதிக் கொடுத்து, அம்மா மனப்பாடம் செய்ய வைத்த மூன்று நிமிட உரையை அந்தப் பிள்ளை மூச்சு வாங்காமல் ஒப்பிக்கிறது. கைதட்டல் கிடைக்கிறது. எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பிள்ளைகளின் காதில் என்ன விழுந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. அவர்கள் சத்தம் போடாமல் இருந்தால் போதும்.

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு அந்த இருநூறு பேரைப் பற்றியது.

வகுப்பறையிலும் இதே நிலைதான். “கையைக் கட்டு, வாயில் விரல் வை” என்பது பாலர் வகுப்பிலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் கட்டளை. வராந்தாவில் நடந்து போகும் தலைமையாசிரியர், சத்தம் வராத வகுப்பை நல்ல வகுப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று மொழிப் பாடத்தில் நான்கு திறன்கள் சொல்வார்கள். வரிசையில் முதலாவது கேட்டல். மதிப்பெண்ணில் பெரும்பகுதி போவது கடைசித் திறனுக்கு. வள்ளுவரின் வரிசை இன்னும் கூர்மையானது. 40-ஆவது அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை. படிப்பைத் தாண்டி அறிவுக்குப் போகும் வழியில் காதைக் காவலுக்கு வைத்திருக்கிறார். கேள்வி அதிகாரத்தின் பத்துக் குறளையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, பக்கத்து பெஞ்சுக்காரன் காலையிலிருந்து ஏன் முகம் வாடியிருக்கிறான் என்று திரும்பிப் பார்க்காத பிள்ளைகளும் உண்டு. குற்றம் பிள்ளைகளுடையது என்று சொல்ல முடியாது.

அமைதியாக இருப்பதும் கேட்பதும் ஒன்றாகும் இடத்தை இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி ஒரு கைக்குழந்தையின் துணையால் கண்டுபிடித்தார். ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் 1907 ஜனவரி 6-ஆம் தேதி தொடங்கிய அவருடைய குழந்தைகள் இல்லத்தில், பெற்றோர் வேலைக்குப் போனதும் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்த பிள்ளைகளே மாணவர்கள். ஒருநாள் முற்றத்தில் நின்ற ஒரு தாயிடமிருந்து நான்கு மாதக் குழந்தையை வாங்கிக்கொண்டு அவர் வகுப்புக்குள் வந்தார். இவள் எவ்வளவு அசையாமல் இருக்கிறாள், இவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை, உங்களால் இப்படி இருக்க முடியாது என்று விளையாட்டாகச் சொன்னார். பிள்ளைகள் காலைச் சேர்த்து வைத்து, மூச்சை அடக்கி, அந்தச் சிசுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறையில் அதுவரை யார் காதிலும் விழாத கடிகாரச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் மாண்டிசோரி பள்ளிகளில் இன்றும் நடக்கும் மௌன விளையாட்டு. ஆசிரியர் பக்கத்து அறைக்குப் போய், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கிசுகிசுப்பான குரலில் கூப்பிடுவார். கூப்பிட்ட பிள்ளை நாற்காலி கிரீச்சிடாமல் எழுந்து போக வேண்டும். தன் பெயர் எப்போது வரும் என்று காத்திருக்கும் பிள்ளைக்கு மற்றவர்களின் பெயர்களும் காதில் விழுந்தே தீரும். இங்கே யாரும் வாயில் விரல் வைக்கச் சொல்லவில்லை. கேட்க ஒன்று இருக்கிறது. அதற்காக அமைதி தானாக வருகிறது.

மாண்டிசோரி அம்மையாருக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், 1939 நவம்பரில், 69 வயதில், மகன் மரியோவுடன் அடையாறு வந்து இறங்கினார். முதல் பயிற்சி வகுப்புக்கு ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும், எதிரி நாட்டார் என்று மரியோவைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. தாயின் 70-ஆவது பிறந்த நாளான ஆகஸ்ட் 31-க்குப் பரிசுபோல அவரை விடுவித்தது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் பிள்ளைகளோடு கழிந்தன. நாடு நாடாகக் குண்டு விழுந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான், செடி, பூச்சி, மனிதர் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்தும் பாடமுறை அங்கே உருவானது.

கைக்குழந்தையை வகுப்புக்குள் கொண்டுவரும் யோசனை கனடாவில் வேறொரு வடிவம் எடுத்தது. டொராண்டோவில் மேரி கோர்டன் 1996-இல் தொடங்கிய ‘ரூட்ஸ் ஆஃப் எம்பதி’ திட்டத்தில், அக்கம்பக்கத்துத் தாயோ தந்தையோ தங்கள் குழந்தையோடு கல்வியாண்டு முழுக்கச் சில வார இடைவெளியில் அதே வகுப்புக்கு வருகிறார்கள். பச்சைப் போர்வை விரித்துக் குழந்தையைப் படுக்க வைக்கிறார்கள். அழுகிறதா? பசியா, பயமா, தூக்கமா? பேச்சு வராத ஓர் உயிர் என்ன சொல்கிறது என்று பத்து வயதுப் பையன்கள் ஊகிக்கிறார்கள். தவறிப் போனால் மறுபடி பார்க்கிறார்கள். பிறகு பேச்சு மெல்ல அவர்களுடைய சொந்தக் கோபம், பயம் பக்கம் திரும்பும். இந்த வகுப்புகளில் மற்ற பிள்ளைகளைச் சீண்டுவதும் அடிப்பதும் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்கெல்லாம் ஒரு திட்டமா என்று இங்கே பாட்டிகள் சிரிக்கலாம். தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டே பாண்டி ஆடிய தலைமுறை அது. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான், புதுச்சேரியும் சிறிய குடும்பங்களின் ஊர். ஒரு கைக்குழந்தையை மடியில் வைத்தே பார்க்காமல் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் இப்போது சாரத்திலும் இருக்கக்கூடும். வீடு இயல்பாகச் சொல்லிக் கொடுத்ததைப் பள்ளி திட்டம் போட்டுச் செய்ய வேண்டிய காலம்.

அரசுப் பள்ளியிலும் இதைச் செய்யலாம் என்று தில்லி காட்டியது. 2018 ஜூலை 2-ஆம் தேதி தலாய் லாமா முன்னிலையில் அங்கே மகிழ்ச்சிப் பாடத்திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பாடவேளை என்று வகுத்தார்கள். கண்மூடி அமர்தல், கதை, அதைப் பற்றிய பேச்சு. தேர்வு கிடையாது. நல்ல முயற்சிதான். என்றாலும் மகிழ்ச்சிப் பாடவேளை முடிந்து அடுத்து வரும் கணக்கு ஆசிரியர் “உனக்கு மண்டையில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால், பிள்ளை எந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்?

ஆசிரியர் எப்படிக் கேட்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கடிகாரத்தோடு ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர், பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடி காத்திருந்தார். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளை, அல்லது ஆசிரியரே பதில் சொல்லிவிடுவார். அந்த ஒரு விநாடியை மூன்றாக நீட்டச் சொன்னார் ரோ. பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ குறைந்தது. மக்கு என்று ஆசிரியர் ஒதுக்கி வைத்திருந்த பிள்ளைகள் கை தூக்கினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளைகள் ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் பேச ஆரம்பித்தார்கள். தங்களை ஒருவர் காத்திருந்து கேட்டதால், அவர்களுக்கும் அடுத்தவரைக் கேட்கப் பொறுமை வந்தது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. பாடத்தை முடிக்கும் அவசரம் அவர்கள் தலைக்கு மேலே நிற்கிறது. ஆனாலும் கேட்கப்படுவது கூடுதலாக இரண்டு விநாடிகள்தான்.

கேட்பதை வகுப்பறைச் சுவருக்கு வெளியே எடுத்துப் போனவர்களும் உண்டு. கேரளத்திலும் தமிழகத்திலும் மக்கள் அறிவியல் இயக்கங்கள் நடத்திய குழந்தைகள் விழாக்களில், விருந்தினர்–விருந்தளிப்போர் என்று ஒரு முறை இருந்தது. வெளியூர்ப் பிள்ளைகளை மண்டபத்தில் தங்க வைக்க மாட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு வெளியூர்ப் பிள்ளையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும். அதே சோறு, அதே பாய். சாதி, மதம், வசதி எதுவும் பார்க்காத ஜோடி. இரவு விளக்கணைத்த பிறகு இரண்டும் பேசிக்கொள்வதை எந்தப் பாடநூலும் எழுத முடியாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து 1987 முதல் துளிர் இதழைக் கொண்டுவரும் அறிவியல் இயக்கம் புதுச்சேரியிலும் இருக்கிறது. அந்த முறையை இங்கேயும் முயலலாம். சாரத்துக்கும் மீனவர்கள் வாழும் வைத்திக்குப்பத்துக்கும் சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். ஒரு சனிக்கிழமை இரவு மீனவர் வீட்டில் தங்கிவிட்டு வரும் அலுவலர் வீட்டுப் பிள்ளை, விடியற்காலை வலை பிரிக்கும் சத்தத்தையும் வருமானம் இல்லாத மீன்பிடித் தடைக்கால நாட்களைப் பற்றிய பேச்சையும் கேட்டுவிட்டு வரும். அடுத்த வாரம் அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வரும். முதல் இரவு இரண்டு வீட்டு அம்மாக்களுக்கும் தூக்கம் வராது, பரவாயில்லை.

இவ்வளவு சொல்லும் இந்தச் சொற்பொழிவே ஒருவர் பேச, மற்றவர்கள் கைகட்டி உட்காரும் ஏற்பாடுதான். முன்வரிசையில் கைப்பேசி பார்ப்பவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அதற்குப் பதிலாக ஒரு யோசனை. அடுத்த முறை பள்ளிகளுக்குப் பேச்சுப் போட்டி வைப்பவர்கள் கூடவே கேட்டுச் சொல்லும் போட்டி ஒன்றும் வைக்கலாம். முன்பின் பழகாத இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒன்று தன் வீட்டைப் பற்றியோ, தனக்குப் பிடிக்காத ஒன்றைப் பற்றியோ இரண்டு நிமிடம் பேசும். மற்றது குறுக்கிடாமல் கேட்டு, பிறகு அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லும். மனப்பாடத்துக்கு வழியில்லை, அப்பா எழுதித் தரவும் முடியாது. மேடையும் ஒலிபெருக்கியும் தேவையில்லை. இரண்டு பெஞ்சும் ஒரு மணியும் இருந்தால் நடத்திவிடலாம். மதிப்பெண் போடும் நடுவராகத் தமிழாசிரியரையோ தலைவரையோ தேட வேண்டாம். முதலில் பேசிய பிள்ளையே நடுவர். தான் சொன்னது சரியாகத்தான் போய்ச் சேர்ந்ததா, எது விடுபட்டது என்று அதற்குத்தான் தெரியும்.