தன் கடை வாசலிலே பிறர் விளம்பரம்

(வாலிபர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாலிபரின் சீவியத்துக்குப் பயன்படும் விஷயம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். நாம் வியாபாரத்தைப் பற்றிப் பேச எண்ணினோம். ஒரு நாளேனும் கடையில் உட்கார்ந்து தராசு பிடித்தறியாத மாணவருக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று பெரியோர்கள் புன்னகை செய்யலாம். அப்புன்னகை நியாயமானதே. ஆயினும், படித்து முடித்தபின் உத்தியோகத்துக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் எமது தோழர் பலர், கைத்தொலைபேசியையே கடையாக்கி இணையச் சந்தைகளிற் பொருள் விற்க இறங்கியிருக்கின்றனர். அக்கடைக்கும் ஒரு வாசல் உண்டு. அவ்வாசலிலே ஒரு வழக்கும் உண்டு. அவ்வழக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. எமது சக மாணவர் ஒருவரின் தாயார் பனையோலையிற் பெட்டியும் கடகமும் இழைப்பவர். சென்ற விடுமுறையிலே நாம் மூவர் சேர்ந்து அவ்வம்மையாரின் பெட்டிகளைப் படம் பிடித்து, அளவும் விலையும் எழுதி, வெளிநாட்டார் வாங்கும் இணையச் சந்தை ஒன்றிலே பக்கம் திறந்தோம். கனடாவிலுள்ள நண்பரின் பெரியம்மாவுக்கு அப்பக்கத்தின் முகவரியை அனுப்பினோம். அவர் மகிழ்ந்து அன்றைக்கே ஒரு பெட்டி வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. சில நாட்களின்பின் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பெட்டி வந்து சேர்ந்தது. வடிவாய்த்தான் இருக்குது. ஆனால் ஓலை மணமே இல்லையே அப்பன்!" என்றார்.

நாம் திகைத்தோம். ஏனெனில் நாம் பெட்டி எதனையும் அனுப்பவில்லை. எமக்கு ஓடர் எதுவும் வரவுமில்லை. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. எமது பக்கத்திலே, எமது பெட்டியின் படத்துக்குக் கீழே, பிற வியாபாரிகளின் பெட்டிகள் ஒரு வரிசையாக நின்றன. ஓரத்திலே சிறிய மங்கலான எழுத்தில் "விளம்பரம்" என்றிருந்தது. அவ்வரிசையில் முதலாவது பெட்டிக்கு விலை எம்முடையதிற் பாதி. அதுவும் தங்கச்சியின் பெட்டிதான் என்றெண்ணிப் பெரியம்மா அதனை அழுத்தி வாங்கிவிட்டார். வந்தது இயந்திரத்தில் இழைத்த பிளாஸ்டிக் பெட்டி! இதனைக் கேட்ட அம்மையார் எவரையும் நோகவில்லை. "என்ரை படத்தைப் பார்த்துத்தானே அக்கா வந்தவ" என்று மாத்திரம் சொல்லிவிட்டு ஓலை வாரப் போய்விட்டார்.

அன்பர்களே! இஃது எமக்கு மாத்திரம் நேர்ந்ததொன்றன்று. உலகெங்கும் இணையச் சந்தைகளிற் பொருள் விற்போர் சொல்லிவரும் முறைப்பாடு இதுவே. அச்சந்தைகளுட் பெரியதொன்றாகிய அமேசனை எடுத்துக்கொண்டு விஷயத்தை நோக்குவோம்.

அமேசன் 1995 இல் புத்தகம் விற்கும் இணையக் கடையாகத் திறக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டிலே, தன் பொருளின் பக்கத்திலேயே பிற வியாபாரிகளும் பொருள் வைத்து விற்க அது இடங்கொடுத்தது. அதன் ஸ்தாபகர் ஜெஃப் பேசோஸ் 2019 இல் பங்காளருக்கு எழுதிய கடிதத்திலே ஒரு கணக்கைத் தந்தார். 1999 இல் அங்கு விற்ற பொருட்களின் பெறுமதியிற் பிற வியாபாரிகளின் பங்கு நூற்றுக்கு 3. 2018 இல் அது நூற்றுக்கு 58. அதாவது, சந்தையின் அரைவாசிக்கு மேற்பட்ட வியாபாரத்தைச் செய்பவர்கள் அங்கே இடம் பிடித்த வெளியாட்களே. 2012 இல் இவ்வியாபாரிகள் பணங்கொடுத்துத் தம் பொருளை முன்னுக்குக் கொண்டுவரும் விளம்பர முறை தொடங்கிற்று. அமேசன் தன் விளம்பர வருமானத்தைத் தனியாக வெளியிட்டபோது 2021 ஆம் ஆண்டுக்குரிய தொகை ஏறக்குறைய 3,120 கோடி டொலராக இருந்தது. 2024 இல் அஃது 5,620 கோடி டொலராயிற்று. இத்தொகையில் வேறு வகை விளம்பரங்களும் அடங்கும். ஆயினும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அறிய இக்கணக்குப் போதும்.

இம்முறை இயங்குமாற்றைச் சிறிது விளக்குவோம். சந்தையிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் உண்டு. போட்டி வியாபாரி ஒருவர், "இன்ன இலக்கப் பொருளின் பக்கத்தில் என் பொருளைக் காட்டுக" என்று கேட்கலாம். அதே இடத்தைப் பலர் கேட்பின், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் கணினியே ஏலம் நடத்தி இடத்தைக் கொடுத்துவிடும். வாங்க வந்தவர் அவ்விளம்பரத்தை அழுத்தினால் மாத்திரம் பணம் அறவிடப்படும். பக்கத்துக்குரிய வியாபாரி, "என் பக்கத்திற் பிறர் பொருளைக் காட்டாதீர்" என்று தடுக்க வழியில்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றே. தன் பக்கத்தின் விளம்பர இடத்துக்குத் தானும் ஏலங்கேட்டு, அங்கே தன் பொருளையே நிறுத்துவது. தன் வீட்டு மதிலிற் பிறர் நோட்டீசு ஒட்டாதிருக்கத் தானே கூலி கொடுத்துத் தன் நோட்டீசை ஒட்டுவதை இது ஒக்கும்.

இதனாற் சிறு வியாபாரிக்கு நேர்வதென்ன? உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொருளின் விலை 20 டொலர் என்க. அமேசன் பல வகைப் பொருட்களுக்கு அறவிடும் தரகு 15 வீதம். அது 3 டொலர். விளம்பரத்தை ஒருமுறை அழுத்த 50 சதம் என்றும், அழுத்துவோர் பத்துப் பேரில் ஒருவரே வாங்குவர் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு 5 டொலர். எஞ்சுவது 12 டொலர். ஓலைக்கும் சாயத்துக்கும், கட்டுக்கும் தபாலுக்கும், இரவெல்லாம் குனிந்திருந்து இழைத்த கைக்கும் கூலி அதிலிருந்தே வரவேண்டும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று எம் பாட்டன்மார் சொன்னது வயலுக்கு மாத்திரம் உரியதன்று போலும்.

இனி, மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லாது விட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். சந்தைக்காரர் மூன்று நியாயங் கூறலாம். பக்கம் சந்தைக்குச் சொந்தம், வியாபாரிக்கன்று என்பது ஒன்று. புதிதாக வரும் வியாபாரி எவர் கண்ணிலும் படாது மூலையிற் கிடப்பான்; விளம்பரமே அவனுக்கு வழி என்பது இரண்டு. வாங்குவோருக்குப் பல பொருளை ஒப்புநோக்கும் வசதி உண்டாகிறது என்பது மூன்று. இம்மூன்றிலும் உண்மை உண்டு. யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியிலே நகைக்கடைகள் அடுத்தடுத்து நிற்கவில்லையா? போட்டிக்காரன் பக்கத்தில் இருப்பதை எந்த வியாபாரியும் அவமானமாகக் கொள்வதில்லை.

ஆனால் பக்கத்துக் கடை வேறு. என் கடைக்குள்ளேயே விரித்த பாய் வேறு. நாம் மாதச் சந்தாவும் தரகும் கொடுக்கின்றோம். படமும் விளக்கமும் நாமே ஆக்குகின்றோம். வாங்குவோரைச் சில வேளை நாமே அழைத்து வருகின்றோம். அப்படி வந்தவரைச் சந்தைக்காரரே கையைப் பிடித்து மற்றொருவரிடம் கொண்டுசென்று, அதற்கும் கூலி வாங்குகிறார். புதியவனுக்கு வழி என்கிறார்கள்; ஏலத்தில் வெல்வதற்குப் புதுமை போதாது, மடியிற் கனம் வேண்டும். ஒப்புநோக்க வசதி என்கிறார்கள். தரத்தால் வரிசைப்படுத்தினாலன்றோ அது வசதியாகும்? மேலும், அமேசன் தன் சொந்தப் பொருளையும் அதே சந்தையில் விற்கிறது. சந்தைச் சொந்தக்காரரும், ஆயம் அறவிடுவோரும், விளம்பரப் பலகை விற்போரும், போட்டி வியாபாரியும் ஒருவரேயானால், முறைப்பாட்டை எவரிடம் சொல்வது? வியாபாரிகளின் மனக்குமுறலுக்கு அடிப்படை இதுவே என்பது எமது அபிப்பிராயம்.

நீதிமன்றங்கள் இதனை எவ்வாறு நோக்கின என்பதும் அறியத்தக்கது. குளியற் பொருள் செய்யும் லஷ் என்னும் இங்கிலாந்து நிறுவனம் தன் பொருளை அமேசனில் விற்பதில்லை. ஆயினும் அதன் பெயரைத் தேடினோருக்குப் பிறர் பொருள்கள் காட்டப்பட்டன. 2014 இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் லஷ் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலே கைக்கடிகாரம் செய்யும் மல்டி டைம் மெஷின் என்னும் நிறுவனம் ஏறக்குறைய இதே முறைப்பாட்டுடன் சென்றது. 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒவ்வொரு கடிகாரத்தின் பக்கத்திலும் செய்தவர் பெயர் தெளிவாக இருத்தலின் வாங்குவோர் மயங்கார் என்று கூறி, அமேசனின் பக்கம் நின்றது. இவ்விரு வழக்கும் தேடும் பக்கத்தைப் பற்றியவை; ஆயினும் எமக்கு ஒரு பாடம் உண்டு. பெயர் தெளிவா, மயக்கமா என்பதே கேள்வி. எமது பெரியம்மா மயங்கினார். அதுவே எமது வழக்கு.

ஐரோப்பிய ஒன்றியத்திலே 2020 இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, இணையச் சந்தைகள் பொருட்களை எவ்வாறு வரிசைப்படுத்துகின்றன, பணம் கொடுத்தால் வரிசை மாறுமா என்பவற்றை வியாபாரிகளுக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் 17 மாநிலங்களும் 2023 செப்டெம்பரில் அமேசன்மீது வழக்குத் தொடுத்தன. தரகு, விளம்பரம், களஞ்சியக் கூலி எல்லாம் சேர்ந்து வியாபாரியின் விற்பனைத் தொகையில் அரைவாசியளவைத் தின்கின்றன என்பதும், பொருத்தமற்ற விளம்பரங்களை வேண்டுமென்றே நிரப்புகிறார்கள் என்பதும் அவ்வழக்கிற் கூறப்பட்ட குற்றங்களுட் சில. அமேசன் இவற்றை மறுக்கின்றது. 2024 இல் நீதிமன்றம் ஆணைக்குழுவின் வழக்கு மேலே செல்ல இடமளித்தது.

வழக்குகள் நெடுங்காலம் நடக்கும். அதுவரை நாம் கைகட்டியிருத்தல் தகாது. வாலிப நண்பர்களுக்கு நான்கு சொற் கூற விரும்புகின்றோம்.

முதலாவது, உங்கள் பொருளுக்குப் பெயர் வையுங்கள். முதற்படத்திலும் தலைப்பிலும் அப்பெயரும் செய்தவர் ஊரும் தெரியட்டும். பெயரற்ற பெட்டிக்குப் பதிலாக எந்தப் பெட்டியும் நிற்கும். நாம் அதனைச் செய்யாது விட்டோம். அது எமது பிழை.

இரண்டாவது, பிறர் நிலத்திலே உங்கள் ஒரே வீட்டைக் கட்டாதீர்கள். சந்தையின் விதிக்கு அடங்கி அங்கே விற்றாலும், சொந்தமாக ஓர் இணையப் பக்கமும், உங்களை நேரே தேடிவரும் வாடிக்கையாளரும் உங்களுக்கு இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, விளம்பரத்துக்குக் காசு போடுமுன் கொப்பியெடுத்துக் கணக்கெழுதுங்கள். ஆத்திரத்தில் ஏலங்கேட்டவன் வென்றாலும் தோற்றவனே.

நான்காவது, தனித்து நில்லாதீர்கள். கைவினைப் பொருளுக்குப் பேர்போன எற்சி என்னும் சந்தை 2022 இல் தரகை 5 வீதத்திலிருந்து 6.5 வீதமாக உயர்த்தியபோது, ஏப்பிரல் மாதத்திலே ஆயிரக்கணக்கான விற்பனையாளர் ஒரு கிழமை தம் கடைகளை மூடி வேலைநிறுத்தஞ் செய்தனர். விரும்பாத விளம்பரத் திட்டத்திலிருந்து எல்லோரும் விலகும் உரிமை வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. தரகு குறையவில்லை, ஆயினும் தனித்தனியே முணுமுணுத்தவர்களின் குரலை அன்று உலகம் கேட்டது. கூட்டுறவு எமக்குப் புதிதன்று. பெட்டி இழைக்கும் பத்துத் தாய்மார் ஒரே பெயரின்கீழ் ஒரே பக்கத்தில் நின்றால் அப்பக்கத்துக்கு வேறொரு பலம் உண்டு.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம். கைத்தொலைபேசியில் எதை வாங்கினும், காசு கட்டுமுன் "விளம்பரம்" என்னும் சிறிய சொல் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் பெயரை ஒருமுறை வாசியுங்கள். அந்த அரை நிமிட நேரம் எங்கோ ஒரு வீட்டின் அடுப்பை எரியச் செய்யும்.

அம்மையார் இன்றும் இழைக்கிறார். அடுத்த பெட்டியைத் தம் அக்காவுக்கு நேரே தபாலில் அனுப்பிவைத்தார். அதிற் சந்தைக்குத் தரகும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆனால் ஊரெல்லாம் அக்காமார் இல்லையே! அறியாத மனிதருக்கு விற்கத்தானே சந்தை வேண்டும். ஆதலின் சந்தையை வெறுத்தொதுக்குமாறு நாம் சொல்லவில்லை. அது நேர்மையான சந்தையாக வேண்டும் என்றே கேட்கின்றோம். கூலி வாங்கியவர் வாசலை மறையாதிருக்கட்டும். விளம்பரம் தன்னை விளம்பரமென்று உரக்கச் சொல்லட்டும்.