கண்ணில் நிற்கும் துளி
(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் எனத் தானத்தை நால்வகையாகப் பகுப்பது சமண அறநெறியின் மரபு. இவற்றுள் மருந்துத் தானம், புட்டியைக் கையில் கொடுத்த அளவில் முடிந்துவிடுவதில்லை. மருந்து நோயுள்ள இடத்தைச் சேரும்போதே அது நிறைவு பெறுகிறது. கண் சொட்டு மருந்து இதற்குத் தக்க சான்று.

திருச்சிராப்பள்ளி கண் மருத்துவத்தில் நெடிய மரபுடைய நகரம். இங்குள்ள ஜோசப் கண் மருத்துவமனை 1934இல் தொடங்கப்பெற்றது. ஸ்ரீரங்கத்து வீதிகளிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, கண்ணைக் காட்டுவதற்காக நகருக்கு வரும் முதியோர் பலர். அவர்களுள் கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய் உடையோர் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் சொட்டு மருந்து இட வேண்டியவர்கள். இந்நோயில் இழந்த பார்வை மீள்வதில்லை. எஞ்சிய பார்வையைக் காப்பதே மருந்தின் பணி.

இயல்பாகக் கண்ணின் மேற்பரப்பில் தங்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர். இமைக்காமல் இருந்தாலும் 30 மைக்ரோலிட்டருக்கு மேல் கண் தாங்குவது அரிது. புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டோ பெரும்பாலும் 25 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும். சில புட்டிகளில் அதனினும் மிகும். முனையின் அகலமும் மருந்து நீரின் தன்மையும் சொட்டின் அளவை அறுதியிடுகின்றன.

மிகுதி எங்கே செல்கிறது? ஒரு பகுதி கன்னத்தில் வழிகிறது. மற்றொரு பகுதி கண்ணின் உள்மூலையிலுள்ள துளை வழியே மூக்கினுள் இறங்கிக் குருதியில் கலக்கிறது. டிமோலால் போன்ற மருந்து அவ்வாறு கலந்தால், ஆஸ்துமா உடையவர்க்கு மூச்சுத் திணறலும், சிலர்க்கு நாடித் துடிப்புக் குறைவும் நேரலாம். கண்ணுக்குத் துணையாகாத துளி நெஞ்சுக்குச் சுமையாகிறது.

இனி வீட்டுக் கணக்கு. ஒரு புட்டியில் 5 மில்லிலிட்டர் மருந்து உள்ளது எனக் கொள்க. சொட்டு 50 மைக்ரோலிட்டராயின் 100 சொட்டுகள். 25 ஆயின் 200 சொட்டுகள். இரு கண்களுக்கும் நாளொன்றுக்கு இருவேளை இடுபவர்க்கு முன்னது 25 நாளில் தீரும். பின்னது 50 நாள் வரும். ஓய்வூதியம் வரும் முதல் தேதிக்கு ஐந்து நாள் முன்பே புட்டி வற்றினால், அந்த ஐந்து நாளும் கண் காவலின்றி இருக்கும். வலி இல்லாமையால் அந்த இழப்பு அப்போது தெரிவதுமில்லை. சிறு சொட்டும் போதும் என்பதை 1990களின் தொடக்கத்திலேயே, 16 மைக்ரோலிட்டர் துளியைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆயினும் பெரிய சொட்டே இன்றும் பெருவழக்கு.

முனையின் அகலத்தை மாற்றுதல் உற்பத்தியாளர் கையில் உள்ளது. இடும் முறையோ வீட்டார் கையில் உள்ளது. கைகளைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்து, அந்தக் குழிவில் ஒரே சொட்டு இடுதல் வேண்டும். ஒரு சொட்டே கண்ணின் கொள்ளளவை நிரப்பிவிடுவதால், உடனே இடும் இரண்டாம் சொட்டு வீணாகும். முனை இமையிலோ விரலிலோ படலாகாது. பின்னர் இமையை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல அழுத்த வேண்டும். அடுத்த மருந்து உண்டெனில் ஐந்து நிமிட இடைவெளி தேவை. கை நடுங்குவோர்க்கும் தனித்து வாழ்வோர்க்கும் பிறர் துணை வேண்டும்.

ஆகவே, கண் மருத்துவ முகாம் நடத்தும் அறக்கட்டளையினர்க்கு ஒரு வேண்டுகோள்: புட்டி வழங்கும் இடத்திலேயே, முதியவரை ஒரு சொட்டு இடச் செய்து பாருங்கள். பிழையிருப்பின் அன்போடு திருத்துங்கள். அடுத்த புட்டி வேண்டிய நாளைக் கணக்கிட்டு, அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. சற்றுப் பொறுமை போதும். கொடுத்த மருந்து கண்ணில் நின்றால், கொடுத்தவர் அறமும் நிற்கும்.